ஐம்பதிலும் கை பழகும்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பிள்ளைகளுக்கு நல்ல தூண்டுகோல். ஆனால் ஐம்பது வயதுத் தொழிலாளியிடம் அதையே சொன்னால், அது தீர்ப்பாகிவிடுகிறது. என்னிடம் முதலில் படித்தவர்களுக்கு இப்போது அந்த வயது. சிலர் பழைய தொழிலை விட்டுப் புது இயந்திரத்தின் முன் நிற்கிறீர்கள். உங்களுக்காகவே இந்த வரலாறு.

ஆசிரியர் பயிற்சியில் தார்ண்டைக் என்றாலே பூனையும் புதிர்ப்பெட்டியும்தான் நினைவுக்கு வரும். அதே தார்ண்டைக் 1928-ல் வயது வந்தோர் கற்றல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நடுத்தர வயதினரால் புதிதாகக் கற்க முடியாது என்ற நம்பிக்கையை அது அசைத்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. வயதானவர்களையும் வேலையில் வைத்திருக்க வேண்டிய நிலை. 1946-ல் நஃபீல்டு அறக்கட்டளையின் உதவியுடன், கேம்பிரிட்ஜில் முதுமை பற்றி ஆராய ஒரு பிரிவு தொடங்கியது. அதை நடத்தியவர் ஆலன் வெல்ஃபோர்டு. வயதாகும்போது வேகம் குறைவதற்குத் தசைகளைவிட, கண் பார்த்ததை மூளை புரிந்து முடிவெடுக்கும் நேரம் நீள்வதே முக்கியக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். தொழிற்சாலைகளிலும் ஒரு வியப்பு காத்திருந்தது. வயதானவர்கள் பாரமான வேலையைவிட, நேர நெருக்கடி உள்ள வேலைகளில்தான் அதிகம் திணறினார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? இதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் யூனிஸ் பெல்பின். கம்பளித் துணியில் அறுந்த இழையை வெளியே தெரியாமல் சரிசெய்வது நுணுக்கமான வேலை. தேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்பதுதான் பழைய வழக்கம். அதை மாற்றி, நெசவின் பின்னலைப் பெரிதாக்கிய மாதிரிகளில் முதலில் கை பழகவிட்டார்கள். புரிந்த பிறகே நிஜத் துணி. கடிதம் பிரிப்பது போன்ற வேலையிலும், பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, செய்துகொண்டே கற்கும் முறை வயதானவர்களுக்குக் கைகொடுத்தது.

அடுத்தது கவனச் சிதறல். பேட்ரிக் ராபிட் 1965-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். எழுத்துகள் அச்சிட்ட சீட்டுகளை வகை பிரிக்க வேண்டும். தேவையான எழுத்தோடு தேவையில்லாத எழுத்துகளும் இருக்கும். அவை கூடக் கூட, இளையவர்களைவிட முதியவர்களின் வேகமே அதிகம் குறைந்தது. வேண்டாததை ஒதுக்குவதற்கே அவர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. பாதி வேலையில் குறுக்கிட்டால், மனதில் பிடித்து வைத்திருந்ததும் நழுவும்.

ஆனால் பழகிய கையின் கதை வேறு. 1984-ல் அமெரிக்காவில் டிமோதி சால்ட்ஹவுஸ், 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களை ஆராய்ந்தார். தனித்த வேகச் சோதனையில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். தட்டச்சில் பின்தங்கவில்லை. காரணம், விரல் ஓர் எழுத்தில் இருக்கும்போது அவர்கள் கண் இளையவர்களைவிட அதிக எழுத்துகள் முன்னே ஓடியது. வரப்போகும் எழுத்துகளை மறைத்ததும் அந்தச் சாதகம் போய்விட்டது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். வயதானவருக்குக் கை வரவில்லை என்றால், கையைப் பழிக்கும் முன் கற்றுக்கொடுக்கும் முறையைப் பாருங்கள்.

பட்டறையோ தையல் கூடமோ நடத்தும் என் மாணவர்களே, ஐம்பது வயதில் ஒருவர் வேலைக்கு வந்தால், இரைச்சலும் அவசரமும் இல்லாத ஓரிடத்தில் தொடங்க வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. நீங்கள் செய்து காட்டி நிறுத்திவிடாமல், அவர் கையால் செய்ய விடுங்கள். நடுவில் கூப்பிடாதீர்கள். வேகத்தைப் பிறகு கேளுங்கள்.

வீட்டில் அம்மாவுக்குச் செல்பேசி சொல்லித்தரும் பிள்ளைகளுக்கும் இதுவே. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, செல்பேசியை அவர் கையில் கொடுங்கள்.

ஐம்பதைத் தொட்டவர்களே, யாராவது உங்களிடம் அந்தப் பழமொழியைச் சொன்னால், இன்னும் சில நாள் அவகாசம் கேளுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்