மார்க் வில்க்ஸ்

மார்க் வில்க்ஸ் (ஏறத்தாழ 1759 – 1831) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் அலுவலராகவும், மைசூர் அரசவையில் கம்பனியின் அரசியல் தூதுவராகவும் பணியாற்றிய வரலாற்றாசிரியர் ஆவார். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காகவும் திருவரங்கம் தீவுக்காகவும் 1751 முதல் 1755 வரை நடந்த போராட்டத்தை மைசூர் வரலாற்றின் பகுதியாக விளக்கிய தொடக்ககால ஆங்கில நூல் இவருடையது.

பணி வாழ்க்கை

இவர் மாண் தீவைச் சேர்ந்தவர். 1780களில் சென்னைப் படையில் சேர்ந்தார். மூன்றாம் மைசூர்ப் போரில் (1790–92) ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் கீழ்ப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் செயலாளரானார்.

1803 முதல் 1808 வரை மைசூரில் ரெசிடென்ட் பதவி வகித்தார். ரெசிடென்ட் என்பவர் சுதேச அரசவையில் தங்கியிருந்து, கம்பனியின் நலனைக் காத்து, அரசின் நடவடிக்கைகளையும் கண்காணிப்பவர். அப்போது அரசர் மூன்றாம் கிருட்டிணராச உடையார் சிறுவர். ஆட்சியைத் திவான் பூர்ணையா நடத்தினார். மைசூரின் உள்நாட்டு நிருவாகம், வருவாய், செலவு ஆகியன பற்றி வில்க்ஸ் எழுதிய அறிக்கை 1805 இல் வெளியானது.

வரலாற்று நூல்

"தென்னிந்திய வரலாற்றுக் குறிப்புகள்" எனப் பொருள்படும் தலைப்பில் இவர் எழுதிய நூலின் முதல் தொகுதி 1810 இலும், ஏனைய இரண்டும் 1817 இலும் இலண்டனில் வெளியாயின. கம்பனி ஆவணங்களோடு உள்நாட்டுக் கையெழுத்துச் சுவடிகளையும் பயன்படுத்தினார். காலின் மெக்கன்சியின் தொகுப்பும் உதவியது. நிலம் முழுவதும் அரசருக்கே உரியது என்ற கருத்தை மறுத்து, தென்னாட்டில் தனியார் நிலவுடைமை தொன்றுதொட்டு இருந்தது என இந்நூலில் வாதிட்டார்.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

1751 இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது, கோட்டையில் இருந்த முகம்மது அலி மைசூரின் உதவியை நாடினார். கைம்மாறாகத் திருச்சிராப்பள்ளியையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் தருவதாக வாக்களித்தார். மைசூர்ச் சர்வாதிகாரி நஞ்சராசர் பெரும்படையுடன் வந்தார். 1752 சூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ஆயினும் வாக்குறுதி நிறைவேற்றப்படவில்லை. நஞ்சராசர் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து, திருவரங்கத்தைப் பாசறையாகக் கொண்டு போரைத் தொடர்ந்தார். 1755 இல் கோட்டையைப் பெறாமலேயே திரும்பினார்.

இப்போரை முன்னர் விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம், அதனை ஆங்கிலேயர்–பிரெஞ்சுக்காரர் போட்டியாகவே கண்டார். வில்க்ஸின் நூலிலோ அது மைசூர் உடையார் ஆட்சியின் வீழ்ச்சிக்கு வழிவகுத்த நிகழ்வாகிறது. படையெடுப்புச் செலவால் கருவூலம் வற்றியது. படைவீரர் ஊதியம் நிலுவையில் நின்றது. திருச்சிராப்பள்ளிக் களத்தில் பெயர் பெற்ற ஐதர் அலி திண்டுக்கல் பௌசுதாராகி, 1761 இல் மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றினார்.

பிற்காலம்

1813 இல் வில்க்ஸ் செயிண்ட் எலனா தீவின் ஆளுநரானார். 1815 அக்டோபரில் சிறைப்பட்டு அங்கு வந்த நெப்போலியனுடன் பலமுறை உரையாடினார். 1816 இல் அட்சன் லோ அப்பொறுப்பை ஏற்றார். வில்க்ஸ் பின்னர் மாண் தீவுச் சட்டமன்றத்தின் அவைத்தலைவராக இருந்தார். 1831 இல் காலமானார்.

மதிப்பீடு

திப்பு சுல்தானை எதிர்த்துப் போரிட்டவர், அவரது வீழ்ச்சிக்குப் பின் அமைந்த ஆட்சியைக் கண்காணித்தவர் என்ற இரு நிலைகளிலும் வில்க்ஸ் நடுநிலையாளர் அல்லர். திப்புவைப் பற்றிய இவரது கூற்றுகளைப் பிற்கால ஆய்வாளர்கள், குறிப்பாக 1951 இல் திப்புவின் வரலாற்றை வெளியிட்ட மொகிபுல் அசன், மறுத்துள்ளனர். எனினும் தூதுவர் பதவியால் கிடைத்த ஆவணங்களும் நேரடித் தொடர்புகளும் இந்நூலுக்கு நீடித்த மதிப்பைத் தந்துள்ளன. இது 1869 இல் சென்னையிலும், 1930 இல் குறிப்புரைகளுடன் மைசூரிலும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது.