விளையாட்டு ஆக்கத் தொகுப்பியில் செயல்தவிர்ப்பு வரலாறு

கணினி விளையாட்டுகளை ஆக்குவதற்குரிய தொகுப்பி ஒன்றில், பயனர் செய்யும் மாற்றங்களை வரிசைக்கிரமமாகப் பதிந்துவைத்து, வேண்டிய சந்தர்ப்பத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னெடுக்கவும், பின்னெடுத்தவற்றை மறுபடி நிறைவேற்றவும் வழிசெய்யும் ஏற்பாடு செயல்தவிர்ப்பு வரலாறு எனப்படும். எழுத்தைத் திருத்தும் மென்பொருள்களில் இவ்வசதி மிகப் பழையது. பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1968இல் தொடங்கிய ஃப்ரெஸ் முறைமையிலேயே அது இருந்தது. ஆயினும், எழுத்து ஒரே நேர்கோட்டில் ஓடுவது. விளையாட்டுக் காட்சியோ, ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய அநேகம் பொருள்களின் கிளைவிரிந்த அமைப்பு. ஆகவே பின்னெடுத்தல் இங்கு அத்தனை சுலபமன்று.

பெலிஹுலோயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர், பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைக் கோடோ என்னும் திறந்தமூலத் தொகுப்பியில் காட்சியாக அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலைச்சரிவில் அவர் ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பை, நிறுத்தியவுடன், முழுக் காட்சியையும் பிரதியெடுத்து வைப்பது ஓர் உபாயம். ஆனால் பெருங்காட்சிகளில் அது நினைவகத்தை விரைவில் விழுங்கிவிடும். கோடோ கைக்கொள்வது வேறு வழி. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயரிட்டு, அதைச் செய்யும் கட்டளையையும் நீக்கும் கட்டளையையும் ஜோடியாகப் பதிவது அவ்வழி. எரிக் காமா முதலிய நால்வர் 1994இல் வெளியிட்ட வடிவமைப்புப் பாங்குகள் பற்றிய நூலால் இம்முறை பரவலாக அறிமுகமாயிற்று.

பின்னெடுத்த லயம் காட்சியிலிருந்து மறைந்தாலும் அழிந்துவிடுவதில்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். மறுசெயலின்போது அதே பொருளே திரும்பவேண்டும். புதிதாக ஒன்றைப் படைத்துக் கொடுத்தால், பழையதைச் சுட்டிநின்ற பின்வந்த செயல்கள் யாவும் ஆதாரமிழந்துபோகும். எனவே வரலாறே அப்பொருளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. பயனர் பின்னே சென்று வேறொரு புதிய செயலைச் செய்து, பழைய மறுசெயல்கள் கழிக்கப்படும் தருணத்தில்தான் அது மெய்யாகவே விடுவிக்கப்படுகிறது.

இவ்விஷயத்தில் பிரதானமான சிக்கல், எம் அபிப்பிராயத்தில், தரவமைப்பைச் சார்ந்ததன்று. எது ஒரு செயல் என்று தீர்மானிப்பதே அது. தேயிலைச் செடிகளைத் தூரிகையால் தீட்டுவதுபோல் ஒரே இழுப்பில் இருநூறு செடி நடும் மாணவர், அவற்றை இருநூறு தடவை பின்னெடுக்கச் சம்மதிப்பாரா? அதேசமயம் ஒரு மலை முழுவதும் ஒரே அழுத்தத்தில் காணாமற்போனாலும் அவர் திகைப்பார். கொழுந்தெடுப்பவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுக்கும் கங்காணியின் கண்ணளவு போன்றதொரு விவேகம் இங்கே தேவைப்படுகிறது. ஓர் எண்ணை நகர்த்திப் பார்க்கும்போது உண்டாகும் தொடர்மாற்றங்களுக்குக் கோடோவில் ஒரு சாதனம் உண்டு: ஒரே பெயருடன் சிறு இடைவெளியில் அடுத்தடுத்து வருபவற்றில், முதலாவதன் நீக்கக் கட்டளையையும் இறுதியானதன் செய்கைக் கட்டளையையும் மட்டும் வைத்துக்கொண்டு இடைப்பட்டவற்றைத் தள்ளிவிடலாம்.

யூனிட்டி என்னும் மற்றொரு தொகுப்பியில், மாற்றத்துக்கு முன் பொருளைப் பதிவுசெய்யச் சொன்னால், பின்னர் நேர்ந்த வேறுபாட்டைத் தொகுப்பியே கணித்துக்கொள்ளும். அன்ரியல் என்னும் தொகுப்பியில் மாற்றங்கள் பரிவர்த்தனை எனப்படும் ஒரே தொகுதியினுள் அடக்கப்படுகின்றன. முறை எதுவாயினும், துணைக்கருவி எழுதுபவர் தம் மாற்றத்தைப் பதிய மறந்தால், காட்சி ஒருவிதமாகவும் வரலாறு வேறுவிதமாகவும் பிரிந்துவிடும். தவிர்ப்புப் பொத்தானை அழுத்தும் பயனருக்கு, தாம் எண்ணியதை விடுத்து அதற்கு முந்திய வேறொன்று நீங்கும்.

வரலாற்றின் எல்லையும் ஆராயத்தக்கது. 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4.0, ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனி வரலாற்றையும், முழுத் திட்டத்தையும் தழுவும் மாற்றங்களுக்குப் பொதுவான ஒன்றையும் வகுத்தது. லயக் காட்சியில் வேலைசெய்பவர் பின்னெடுக்கும்போது, தொழிற்சாலைக் காட்சியில் செய்தது கலைவதில்லை.

இவை யாவும் நினைவகத்தில் மட்டுமே வாழ்பவை. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நினைத்தால், இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இருந்து மேசைக்கணினியில் வேலைசெய்பவருக்கு இக்குறைபாட்டின் கனம் விளங்கும். கோப்பைச் சேமித்திருந்தால் காட்சி மிஞ்சும், வரலாறு மிஞ்சாது. அதனால் 2005இல் தோன்றிய கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவி இரண்டாவது வரலாறாக உடனிருப்பது நலம். கோடோவின் காட்சிக் கோப்புகளை வாசிக்கத்தக்க உரையாகவே சேமிக்கலாமாதலால், ஒரு பதிப்பை மற்றொன்றுடன் ஒப்பிடுவது அங்கே எளிது.

சேமிக்கப்படாத காட்சியின் பெயரருகே தோன்றும் நட்சத்திரக் குறியும் வரலாற்றைச் சார்ந்ததே. சேமித்த நிலையின் எண்ணும் தற்போதைய நிலையின் எண்ணும் ஒப்பிடப்படுகின்றன. பின்னெடுத்துக்கொண்டே சேமித்த இடத்தை அடைந்தால் குறி மறைகிறது. அதையும் கடந்து பின்னே சென்று புதிய செயலொன்றைச் செய்துவிட்டாலோ, சேமித்த நிலைக்கு வரலாற்றின் வழியே திரும்பமுடியாது; கோப்பை மறுபடி திறப்பதொன்றே வழி.