தோட்டாவின் நியாய விலை

1

'நியாய விலை' என்ற சொல் நமக்குக் கடையோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. நியாய விலைக் கடை என்றால் ரேஷன் கடை. விலையை அரசு வைக்கும். அளவையும் அதுவே வைக்கும், கார்டுக்கு இத்தனை கிலோ என்று. சந்தை விலை ஒன்று, நியாய விலை வேறொன்று என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சந்தையிலேயே நியாயம் கிடைத்துவிடும் என்றால் கடைக்கு அப்படி ஒரு பெயர் வேண்டியிருக்காது.

அமெரிக்காவில் தனியாட்கள் தங்களுக்குள் துப்பாக்கியும் தோட்டாவும் விற்று வாங்கும்போது எழுகிற விலைத் தகராறு பற்றி எழுத உட்கார்ந்தேன். தமிழ் படித்தவன் என்பதாலோ என்னவோ, முதலில் இடறியது இந்தச் சொல்லில்தான். அங்கே ஒரு தரப்பு 'கொள்ளை விலை' என்கிறது. மறுதரப்பு 'நியாயமான சந்தை விலை' என்கிறது. நாம் எதிரெதிராக வைத்திருப்பவற்றை அவர்கள் ஒரே தொடரில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்நாட்டு வரித்துறை 1959இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. வாங்க விரும்புகிறவரும் விற்க விரும்புகிறவரும், இருவருக்கும் கட்டாயம் எதுவும் இல்லாமல், விவரம் தெரிந்து ஒத்துக்கொள்கிற விலையே நியாயமான சந்தை விலை என்பது அதன் சாரம்.

இந்த வரையறையில் என்னை நிறுத்திவைப்பது 'கட்டாயம்' என்ற சொல். பசித்தவன் அரிசி வாங்குவது கட்டாயம், அதில் விவாதம் இல்லை. பயந்தவன் தோட்டா வாங்குவது கட்டாயமா, விருப்பமா? கொள்ளை விலைத் தகராறு முழுவதும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது என்று நினைக்கிறேன்.

2

2012 டிசம்பர் 14இல் கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு வரப்போகிறது என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. சட்டம் வரவில்லை. வாங்குபவரின் பின்புலத்தைச் சோதிக்கும் முறையை விரிவாக்கும் திருத்தம் 2013 ஏப்ரல் 17இல் செனட்டில் 54 வாக்குகள் பெற்றும், தேவையான 60 கிடைக்காமல் விழுந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்பே பயம் வந்துவிட்டது. கடைகளில் தோட்டா தீர்ந்தது.

அதிகம் காணாமல் போனது .22 தோட்டா. முயல், அணில் சுடவும் குறி பழகவும் பயன்படுகிற, இருப்பதிலேயே சின்னதும் மலிவானதுமான தோட்டா அது. தடைப் பேச்சு சுழன்றதெல்லாம் வேறு வகைத் துப்பாக்கிகளைச் சுற்றித்தான். இருந்தும் ஒன்று மூன்று நான்கு சென்ட்டுக்குக் கிடைத்துவந்த தோட்டா தனியாட்களின் கையில் பத்து சென்ட்டையும் தாண்டிப் போனது. கடை திறக்குமுன்பே வரிசையில் நின்று மொத்தமாக வாங்கி, வார இறுதியில் துப்பாக்கிக் கண்காட்சியில் மேசை போட்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்கு விற்றார்கள். சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவரை நமக்குத் தெரியும். அதே ஆள்தான் இவரும். அவரைப் பற்றி நாம் பேசுகிற மாதிரியேதான் அவர்களும் பேசினார்கள்: ஊரார் கஷ்டத்தில் காசு பார்க்கிறான்.

2013 ஜனவரியில் வால்மார்ட் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி தோட்டா என்று வரம்பு கட்டியது. ரேஷன்தான் அது, பெயர்தான் இல்லை. அரசு தன் வாழ்க்கையில் தலையிடக் கூடாது, சந்தையைச் சந்தையிடமே விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவந்தவர்களில் பலர், தோட்டா அலமாரி காலியானதும் 'ஆளுக்கு இவ்வளவு' என்பதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். இதைக் கேலி செய்து கடந்துவிடலாம். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. தடையற்ற சந்தையை நம்புகிறவரின் அடிமனதிலும் விலை பற்றிய அறம் ஒன்று இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

3

இந்த அறத்துக்கு வரலாற்றில் ஒரு பெயர் உண்டு. 1971இல் இ. பி. தாம்சன் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தானியக் கலகங்களை ஆராய்ந்து 'அறவியல் பொருளாதாரம்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். கலகக்காரர்கள் வெறும் வயிற்றுக் கொதிப்பில் சூறையாடியவர்கள் அல்லர். பல இடங்களில் தானியத்தைக் கைப்பற்றி, நியாயம் என்று தாங்கள் கருதிய விலைக்கு விற்று, பணத்தை உடைமையாளரிடமே ஒப்படைத்தார்கள். அவர்கள் கேட்டது இலவசம் அல்ல, விலை.

2013இன் தோட்டா வரிசையை இந்தச் சட்டகத்துக்குள் வைத்துப் பார்த்தால் பல அம்சங்கள் பொருந்துகின்றன. வதந்திகூடப் பொருந்துகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் அரசனும் அமைச்சர்களும் வேண்டுமென்றே மக்களைப் பட்டினி போடுகிறார்கள் என்ற 'பஞ்சச் சதி' வதந்தி திரும்பத் திரும்பக் கிளம்பியது. 2013இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கோடிக்கணக்கில் தோட்டாக்களை வாங்கிக் குவித்து மக்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது என்று பேசப்பட்டது. நாடாளுமன்றக் குழு விசாரணை வரைக்கும் அது போனது. 2014 ஜனவரியில் அரசுக் கணக்காய்வு அலுவலகம் தந்த அறிக்கை, அத்துறையின் ஆண்டுக் கொள்முதல் 2009க்குப் பிறகு குறைந்தே வந்திருக்கிறது என்றது.

ஆனால் ஓர் இடத்தில் சட்டகம் உடைகிறது. தானியத்துக்கு அளவு உண்டு. ஒரு வயிறு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தின்னும். அதனால்தான் படி அளந்து கொடுக்க முடிகிறது, பதுக்கியவன் யார் என்று கைகாட்ட முடிகிறது. பயத்துக்கு வயிறு இல்லை. ஆயிரம் தோட்டா வைத்திருப்பவனுக்குப் பத்தாயிரம் போதுமா என்று சந்தேகம் வருகிறது. வாங்குகிற ஒவ்வொருவனும் பதுக்குகிறான். பதுக்கியதை விற்றவன்தான் 'கொள்ளைக்காரன்', விற்காதவன் 'முன்யோசனைக்காரன்'. தேவைக்கு அளவு இல்லாத இடத்தில் பதுக்கலுக்கும் அளவு சொல்ல முடியாது. அறவியல் பொருளாதாரத்தின் கோபம் மட்டும் மிஞ்சுகிறது. அதன் படி காணாமல் போய்விடுகிறது.

2020 இதை இன்னும் வெளிச்சமாக்கியது. பெருந்தொற்று, வேலையிழப்பு, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. துப்பாக்கி வாங்குவதற்கான பின்புலச் சோதனைகளின் எண்ணிக்கை 2019இல் ஏறத்தாழ 2.84 கோடி. 2020இல் 3.97 கோடி. இருபது சென்ட்டுக்கும் குறைவாகக் கிடைத்த 9 மி.மீ. தோட்டா எழுபது சென்ட்டைத் தாண்டியது. அந்த மார்ச் மாதக் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் துப்பாக்கிக் கடை ஊழியர்களை அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நெருக்கடிக் காலத்தில் 10 சதத்துக்கு மேல் விலையேற்றுவதைத் தடுக்கும் கலிஃபோர்னியச் சட்டம் பெயர் சொல்லும் பண்டங்கள் உணவு, மருந்துப் பொருள், எரிபொருள், கட்டுமானப் பொருள், குடியிருப்பு போன்றவை. தோட்டாவின் பெயர் அதில் இல்லை. கடையைத் திறந்துவைக்க அது அத்தியாவசியம். விலைக்கு வரம்பு கட்டும்போது மட்டும் பட்டியலில் இல்லை.

4

கொள்ளை என்று எதைச் சொல்கிறோம்? 1986இல் கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியைப் பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் 20 டாலராக்கினால் அது நியாயமா? 82 சதவீதத்தினர் நியாயமில்லை என்றார்கள். நேற்றைய விலை மனதில் இருக்கிறது, அதனால் இன்றைய விலை கொள்ளையாகத் தெரிகிறது.

அதே 1986இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று, புதிதாகச் செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை விதித்தது. அதற்கு முன் பதிவானவற்றை மட்டும் கைமாற்றிக்கொள்ளலாம். ஆயிரம் டாலர் அளவில் இருந்த எம்-16 இருபதாயிரம், முப்பதாயிரம் டாலர் என்று ஏறியது. தோட்டா விலை மூன்று மடங்கானபோது கொதித்தவர்கள் இதைக் கொள்ளை என்பதில்லை. 'முதலீடு' என்கிறார்கள். ஏற்றம் மெதுவாக நடந்தது, வாங்கக்கூடியவர் வேறு வர்க்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே சட்டம்தான் தோட்டா விற்பவருக்கு 1968 சட்டம் விதித்திருந்த உரிமத் தேவையையும் நீக்கியது. துப்பாக்கி விஷயத்தில் உரிமம் பெற்ற வியாபாரிதான் பின்புலச் சோதனை நடத்த வேண்டும். தன்னிடம் இருப்பதை எப்போதாவது விற்கிற தனியாளை மத்தியச் சட்டம் அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை. வியாபாரி யார் என்ற வரையறையை 2022இல் திருத்தினார்கள். பிழைப்புக்காக விற்பவர் என்றிருந்ததை, பெரும்பாலும் லாபம் ஈட்டவே திரும்பத் திரும்ப விற்பவர் என்று அகலப்படுத்தினார்கள். ஆக, லாபம் எவ்வளவு என்று சட்டம் கேட்கவில்லை. லாபம்தான் நோக்கமா என்று மட்டும் கேட்கிறது. விலையின் நியாயம் அதன் கவலை அல்ல.

5

அப்படியானால் விலையை உயர்த்தினால் என்ன? தோட்டாவை யாரும் எளிதில் வாங்க முடியாதபடி செய்துவிட்டால்? இந்த யோசனையும் பழையது. நியூயார்க் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் 1993இல் சில வகைத் தோட்டாக்களுக்கு 10,000 சதவீத வரி போடலாம் என்றார். துப்பாக்கி தலைமுறைகளுக்கு நிற்கும், தோட்டா சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், கட்டுப்படுத்த வேண்டியது தோட்டாவைத்தான் என்பது அவர் வாதம். அது சட்டமாகவில்லை.

எனக்கு இந்த வாதம் உவப்பானதுதான். ஆனால் இதற்கு முன்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1865இல் மிசிசிப்பி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சட்டம் எழுதியது. 1868இல் 14ஆம் திருத்தம் வந்த பிறகு நிறத்தைச் சட்டத்தில் எழுத முடியாமல் போயிற்று. 1879இல் டென்னஸி மாநிலம் ராணுவ, கடற்படை ரக ரிவால்வர் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளை விற்கத் தடை செய்தது. 1881இல் ஆர்க்கன்ஸாவும் அப்படியே செய்தது. ராணுவ ரகம் விலை கூடியது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வெள்ளையரில் பலரிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஏழைக் கறுப்பர் வாங்கக்கூடிய மலிவுத் துப்பாக்கிதான் கடையிலிருந்து போனது. நிறம் செய்ய வேண்டியதை இங்கே விலை செய்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் படிக்கிறார்கள். வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை அடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் என்பதை மறந்துவிட்டு இதை வாசிக்க முடியாது.

ஆகவே 'விலை ஏறட்டும், கொலை குறையும்' என்று நம்மைப் போன்றவர்கள் எளிதாகச் சொல்லிவிட முடியாது. யாருக்கு ஏறும், யார் கைக்கு எட்டாமல் போகும் என்றும் கேட்க வேண்டும்.

6

இவ்வளவு நேரம் பேரம் பேசிய இருவரைப் பற்றியே பேசினோம். மூன்றாவது ஒருவர் இருக்கிறார். தோட்டா போய்ச் சேருகிற உடம்பு. அரிசி பேரத்தில் இவர் இல்லை. தோட்டா பேரத்தில் இவர் எப்போதும் உண்டு. ஆனால் மேசைக்கு இவரை யாரும் அழைப்பதில்லை.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். அந்த மூன்றாவது ஆள் பல நேரம் வாங்கியவரேதான், அல்லது அவர் வீட்டுப் பிள்ளை. அதற்குத் தேவை ஒரே ஒரு தோட்டா. அது இருபது சென்ட்டா எழுபது சென்ட்டா என்ற தகராறுக்கு அங்கே என்ன பொருள்?

மூன்றாவது தரப்புக்கு விலையில் பங்கு வைக்க முடியாது என்று சொல்லிவிடவும் முடியாது. வைத்திருக்கிறார்கள், விலங்குக்கு. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்குமான 11 சதவீத வரியைக் காட்டு விலங்குகளைக் காப்பதற்கென்று ஒதுக்கியது. மானைச் சுடுகிறவன் மான் இனத்துக்குக் கடன்பட்டிருக்கிறான் என்பதை வேட்டைக்காரர்களே ஒப்புக்கொண்டு ஆதரித்த சட்டம் அது. மாநில அளவில் மனிதனுக்கு அப்படி ஒரு பங்கு வர இன்னும் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. கலிஃபோர்னியா 2024 ஜூலையிலும் கொலராடோ 2025 ஏப்ரலிலும் துப்பாக்கி, தோட்டா மீது தனி வரி விதித்து, வன்முறைத் தடுப்புக்கும் பள்ளிப் பாதுகாப்புக்கும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதைத் திருப்பின. இந்த வரியும் ஏழையைத்தான் முதலில் கடிக்கும் என்ற ஆட்சேபத்தை நான் தள்ளிவிடவில்லை. சற்றுமுன் நானே சொன்னதுதான் அது. ஆனால் டென்னஸியின் விலை ஒரு வாசலை மூடுவதற்காக வைக்கப்பட்டது. இங்கே பணம் காயம்பட்டவரை நோக்கிப் போகிறது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்காட்சி மேசையில் மூன்று மடங்கு கேட்கிறவரை ஏசுகிறவர் தன் கோபத்தில் நேர்மையானவராகவே இருக்கலாம். தன் கூட்டத்துக்குள் நியாயம் வேண்டும் என்கிறார். நியாயம் அந்தக் கூட்டத்தின் வேலிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். 'நியாய விலை' என்று தமிழில் சொல்லும்போது அதில் இரண்டு உறுதிகள் இருக்கின்றன: தேவைக்கு ஓர் அளவு உண்டு, அந்த விலையால் பாதிக்கப்படும் எல்லோரும் கணக்கில் இருக்கிறார்கள். தோட்டாவுக்கு முதலாவது கிடையாது. இரண்டாவது இப்போதுதான் இரண்டொரு மாநிலங்களில் எட்டிப் பார்க்கிறது. அதுவரைக்கும் தோட்டாவுக்கு மலிவு விலை உண்டு, கொள்ளை விலை உண்டு. அந்தச் சொல்லை மட்டும் அதற்குக் கடன் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.