நாய்க்கு நாயகன் யார்?

'அடியாத மாடு படியாது' என்பது நம்மவரிடை நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. மாட்டுக்குச் சொன்ன அம்மொழியை நாய்க்கும் ஏற்றி, கோலெடுத்தவனே எசமான் என்று கொள்வோர் தோட்டத்திலும் உளர்; நகரத்திலும் உளர். இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டாரும் இதனை நம்பினர். நம்பியதோடு அமையாது, அதற்கு விஞ்ஞானச் சட்டையும் அணிவித்தனர். அச்சட்டை தைக்கப்பட்ட வரலாற்றையும் கிழிந்த வரலாற்றையும் இங்கே சுருங்கக் காண்போம். நாயும் குழந்தையும் ஒருங்கே வளரும் வீட்டார்க்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று.

கொன்ராட் மோஸ்ட் என்பார் ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி. 1906-ஆம் ஆண்டில் சார்புருக்கன் நகரில் போலீஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கிய அவர், 1910-இல் தம் முறையை நூலாக்கினார். உடல் வலிமையில் மனிதனே மேம்பட்டவன் என்பதை நாய் ஐயமற உணர வேண்டும் என்பது அவர் கொள்கை. வாரைச் சுண்டி இழுத்தலும், பிரம்பும், முட்பட்டியும் அவர் கையாண்ட கருவிகள். நற்செயலுக்குப் பரிசளிக்கவும் அவர் அறிந்திருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும், பின்வந்தோர் பலர் பரிசை மறந்து பிரம்பைப் பற்றிக்கொண்டனர். 1962-இல் அமெரிக்காவில் வில்லியம் கேலர் எழுதிய நூல், தோட்டத்தில் குழி தோண்டும் நாயின் தலையை, நீர் நிரப்பிய அக்குழியிலேயே அமுக்கும்படி போதித்தது. அந்நூலைப் பல்லாயிரவர் வாங்கிப் படித்தனர்.

இக்கடுமைக்கு விஞ்ஞான ஆதாரம்போல் வந்து வாய்த்தது ஓர் ஓநாய் ஆராய்ச்சி. சுவிட்சர்லாந்து தேசத்து ருடால்ப் ஷெங்கெல் என்னும் அறிஞர், பாஸல் நகர மிருகக்காட்சிச் சாலையில் ஓநாய்களைக் கூர்ந்து நோக்கி, 1947-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் ஓயாத போட்டியினால் மற்றவற்றை அடக்கி முதலிடத்தைக் காத்துக்கொள்கின்றன என்பது அவர் கண்டது. அவ்வாறு முதலிடம் பெற்ற விலங்குக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய 'ஆல்பா' என்பதே பெயராயிற்று.

ஷெங்கெல் பொய்யுரைத்தாரல்லர், கண்டதையே எழுதினார். ஆனால் அவர் கண்ட இடம் யாது? ஏறத்தாழ 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவுள்ள அடைப்பு. அதனுள் பத்து வரை ஓநாய்கள். அவை மனிதர் ஒன்றுசேர்த்து வைத்த கூட்டம். காட்டிலாயின், வளர்ந்த ஓநாய் பெற்றோரைப் பிரிந்து தன் துணையையும் நிலத்தையும் தேடிப் போய்விடும். அடைப்பில் அகப்பட்டது எங்கே போகும்? தோற்றது விலகிச் செல்ல வழியில்லாத இடத்தில் சண்டை ஓயாதிருப்பது வியப்போ? அடைப்பினுள் பிறந்த ஒழுங்கை இயற்கையின் ஒழுங்கென்று உலகம் எடுத்துக்கொண்டது. பிழை நேர்ந்தது இங்கேதான்.

1970-இல் டேவிட் மீச் என்னும் அமெரிக்க அறிஞர் ஓநாயைப் பற்றி எழுதிய பெருநூல் இக்கருத்தை எங்கும் பரப்பிற்று. நாயும் ஓநாயின் வழித்தோன்றலே. ஆகவே வீட்டு நாயும் தலைமைக்குப் போட்டியிடும் என்று பழக்குவோர் முடிவு கட்டினர். எசமான் முதலில் உண்ண வேண்டும். வாயிலை அவனே முதலில் கடக்க வேண்டும் என விதிகள் பெருகின. 1978-இல் நியூயார்க் மாகாணத்து நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் வெளியிட்ட நூல், பெருங்குற்றம் செய்த நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கும் முறையையும் கற்பித்தது.

இனி, சட்டை கிழிந்த கதை. மீச் 1986 முதல் பதின்மூன்று கோடைகள் வடதுருவத்தை அடுத்த எல்ஸ்மியர் தீவில், காட்டு ஓநாய்களின் அருகிருந்து அவற்றின் வாழ்வைக் கண்டார். ஆங்கே அவர் கண்ட கூட்டம் ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். தலைமை போரிட்டு வென்றதன்று. ஈன்று வளர்த்ததனால் வந்தது. வேட்டையாடி வந்து குட்டிக்கு ஊட்டுவதே அத்தலைமையின் பெருந்தொழில். 1999-இல் அவர் இதனை வெளியிட்டு, இயல்பான ஓநாய்க் குடும்பத்துக்கு 'ஆல்பா' என்னும் சொல் பொருந்தாதென மறுத்தார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்துமாறு பதிப்பகத்தாரை வேண்டி வந்தார்; 2022-இல் அது நின்றது. தாம் பரப்பிய கருத்தைத் தாமே மறுத்தல் எல்லார்க்கும் எளிதன்று. நியூ ஸ்கீட் துறவிகளும் தம் நூலின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில், நாயைப் புரட்டும் முறையைக் கைவிட்டனர்.

எனினும் பழைய கருத்து எளிதில் மாயவில்லை. 2004 முதல் 2012 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸீஸர் மில்லன் நடத்திய நிகழ்ச்சி அதற்குப் புத்துயிரூட்டியது. 2008-இல் அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் அடக்குமுறைப் பயிற்சிக்கு எதிராக அறிக்கை விட்டது. 2009-இல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், நடத்தைச் சிகிச்சைக்கு நாயைக் கொணர்ந்த 140 பேரை வினவினர். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் நூற்றுக்கு 43 பேரும், மல்லாக்கப் புரட்டியவர்களில் நூற்றுக்கு 31 பேரும், அப்போதே நாய் தம்மீது சீறிற்று என்றனர்.

காரணம் அரிதன்று. புரட்டப்பட்ட நாய் 'இவன் தலைவன்' என்று எண்ணுவதில்லை. உயிருக்கு ஆபத்தென்றே அஞ்சுகிறது. உறுமல் அதன் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பின்னொருநாள் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். அக்கடி அடித்தவன் கையிலேயே விழும் என்பதில்லை. ஒன்றுமறியாது அருகே சென்ற குழந்தையின் முகத்திலும் விழலாம்.

அடியின்றிப் பழக்க இயலுமோ என்பார்க்கு, டால்பின் என்னும் கடற்பிராணியே விடை. நீரில் நீந்தித் திரியும் அதனைக் கழுத்துப்பட்டியிட்டு இழுக்க யாரால் ஆகும்? ஹவாய்த் தீவில் 1960-களில் அதனைப் பழக்கிய கேரன் பிரையர், ஊதல் ஒலியும் மீனுமே கொண்டு வித்தைகள் கற்பித்தார். அம்முறை நாய்க்கும் பொருந்துமென 1984-இல் நூல் எழுதினார். விரும்பிய செயலை நாய் செய்த அக்கணமே சிறு தீனி கொடுத்தல் வேண்டும். தாமதித்தால் பரிசு எதற்கென்று அதற்கு விளங்காது. வேண்டாத செயலுக்கு இடமளியாமை நம் பொறுப்பு. இன்று ஒப்பியதை நாளை தண்டித்தலும், தந்தை விலக்கியதை மக்கள் அனுமதித்தலும் நாயைக் குழப்பும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்குதல் நலம்.

நாய்க்குத் தலைவன் வேண்டாமென்று நாம் கூறவில்லை. வேளை தவறாது உணவிட்டு, நோயில் மருந்தளித்து, இன்னது செய்க என்று பொறுமையுடன் கற்பிப்பவனே அதற்குத் தலைவன். எல்ஸ்மியர் தீவின் தாய் ஓநாயும் தந்தை ஓநாயும் தம் குட்டிகளுக்குச் செய்தது அதுவே. மிதித்து அடக்குதல் பாஸல் நகரத்து அடைப்பின் வழக்கம்; நம் வீட்டை அவ்வடைப்பாக்காதிருப்போமாக.