ராட்டர்டாம் கனசதுர வீடுகள்: குடியிருப்பும் காட்சிப்பொருளும்

கோயிலும் கோட்டையும் அரண்மனையும் ஒரு நகரின் சுற்றுலாப் பட்டியலில் இடம்பெறுவது இயல்பு. மக்கள் குடியிருக்கும் வீடுகளே அப்பட்டியலில் சேரும்போது, அவை வீடுகளாக நீடிக்கின்றனவா, காட்சிப்பொருளாகின்றனவா என்னும் வினா எழுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள கனசதுர வீடுகளை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானப்படையின் குண்டுவீச்சில் ராட்டர்டாமின் நடுப்பகுதி அழிந்தது. 1946இல் ஏற்கப்பெற்ற மறுகட்டமைப்புத் திட்டம் அகன்ற சாலைகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் முதன்மை அளித்தமையால், நகர நடுவில் குடியிருப்பு அருகியது. 1970களில் இப்போக்கு மறுபரிசீலனைக்கு உள்ளானது. இப்பின்னணியிலேயே, பழைய துறைமுகத்தை அடுத்த பிளாக் பகுதியில் வீடுகளை வடிவமைக்கும் பணி கட்டடக் கலைஞர் பீட் பிளோமிடம் (1934–1999) ஒப்படைக்கப்பட்டது.

இவ்வடிவத்தை அவர் முன்னரே ஹெல்மண்ட் நகரில் செயற்படுத்தியிருந்தார். ராட்டர்டாமில் 38 வீடுகள் 1984இல் நிறைவுற்றன. ஒவ்வொன்றிலும் அறுகோணத் தூணின்மேல் ஒரு கனசதுரம் முனைகுத்திச் சாய்ந்து நிற்கிறது. வீட்டை மரமாகவும் தொகுதியைக் காடாகவும் பிளோம் கருதினார். வீடு மேலே உயர்வதால், கீழுள்ள நிலம் பொதுமக்களின் நடமாட்டத்திற்கு உரியதாகிறது. தொகுதியே சாலையைக் கடக்கும் நடைபாலமாகி, சந்தைப் பகுதியைத் துறைமுகத்தோடு இணைக்கிறது. ஆகவே இவ்வடிவம் வெறும் விந்தை நாட்டத்தின் விளைவன்று. நகர நிலம் யாருக்குரியது என்னும் வினாவுக்குக் கட்டடக்கலை அளித்த விடையாகும்.

இவ்விடைக்குக் குடியிருப்போர் தரும் விலையும் உண்டு. ஏறத்தாழ 100 சதுர மீட்டர் தளப்பரப்பில் கால் பங்கு, சுவர்களின் சாய்வால் பயன்படுவதில்லை. வழக்கமான அலமாரியைச் சுவரோடு சேர்த்து நிறுத்தவும் இயலாது. மேலும், பொதுவெளியைத் திறந்துவைத்த அதே அமைப்புத்தான் பயணியரை வீட்டு வாசல்வரை அழைத்துவருகிறது. காண வருவோரின் ஆர்வம் மிகவே, ஒரு வீடு கட்டணம் செலுத்திப் பார்க்கும் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2009இல் தொகுதியின் பெரிய கனசதுரம் ஒன்று பயணியர் விடுதியாயிற்று.

ஒரு வீட்டைக் காட்சிக்கு ஒதுக்கியமை, ஏனையவற்றின் அகவாழ்வைக் காக்கும் ஓர் எல்லைக்கோடாக அமைந்தது எனலாம். வெளித்தோற்றம் நகருக்குப் பொதுவாயினும், வாசலுக்கு அப்பால் இருப்பது குடும்பத்திற்கே உரியது. இவ்வெல்லை பேணப்படும்வரைதான் இக்கட்டடம் பிளோம் எண்ணிய குடியிருப்பாக இருக்கும். எனவே இத்தகைய கட்டடங்களின் வெற்றியை வருவோரின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது பொருந்தாது. அங்குத் தொடர்ந்து வாழ்வோரையும் அம்மதிப்பீடு கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.