கீச்சும் கர்ர்ரும்: பிரேக் சத்தத்தின் வரலாறு

மலர்க் குழுவினர் "வரலாற்றுக் கட்டுரை ஒன்று கொடுங்களேன்" என்று கேட்டார்கள். மெக்கானிக்கல் படித்தவனிடம் சோழர் வரலாறா கிடைக்கும்? எனக்குத் தெரிந்தது பிரேக். அதிலும் அது போடும் சத்தம். சிரிக்காதீர்கள், அந்தச் சத்தத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. சீனியர் அண்ணன், அக்காக்களுக்கு இது பழைய பாடம். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கோ பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் சங்கதி.

1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம். மேட்டுச் சரிவுகளில் இறங்க இறங்க, மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டையின்மேல் தோல் அடித்துத் தரச் சொன்னார். இன்று நாம் பிரேக் லைனிங் என்கிறோமே, அதற்கு முன்னோடி அந்தத் தோல்தான். தாங்க வேண்டிய பாகம் ஒன்று, தேய வேண்டிய பாகம் இன்னொன்று. தேய்வதைச் சுலபமாகக் கழற்றி மாற்றும்படி வை. இன்றைய பிரேக் எல்லாமே இந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப் பகுதியில், பிரேக் கட்டையில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலை அடித்து ஓட்டியதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார் என்பார்கள். 1897-ல் அவர் தொடங்கிய தொழில்தான் ஃபெரோடோ. ஃப்ரூட் என்ற தன் பெயரின் எழுத்துக்களையே மாற்றிப் போட்டு, கூட ஓர் எழுத்தும் சேர்த்து வைத்த பெயர். அவருடைய ஆரம்ப கால லைனிங் பருத்தி வகையறா. சூடேறினால் கருகும். 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது.

அதற்குள் இன்னொருவர் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற ஃப்ரெடெரிக் லான்செஸ்டர். உலோக வட்டைச் செம்பு அழுத்திப் பிடிக்கும் அமைப்பு. யோசனை அருமை, ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசி ஊரையே கூட்டும் சத்தம்! அதே 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ கொண்டுவந்த டிரம் பிரேக்தான் அடுத்த ஐம்பது வருஷம் கார்களில் கோலோச்சியது. 1921-ல் டூசன்பர்க் மாடல் ஏ காரின் நான்கு சக்கரங்களுக்கும், மால்கம் லோகெட் வடிவமைத்த ஹைட்ராலிக் பிரேக் வந்தது. லாக்ஹீட் என்ற பெயராக மாறியது இந்த லோகெட்தான்.

டிரம்முக்கு ஒரு பலவீனம். சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். டிஸ்க் சூடானால் பேட் பக்கமாகத்தான் தடிக்கும். திறந்த காற்றில் சீக்கிரம் ஆறவும் செய்யும். 1953-ல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது இது உலகத்துக்கே விளங்கியது.

சரி, சத்தத்துக்கு வருவோம். பிரேக் ஏன் கத்துகிறது என்று படித்தவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1961-ல் ஃபெரோடோவின் ஸ்பர் ஒரு விளக்கம் தந்தார்: பேட் சாய்ந்து மாட்டிக்கொள்கிறது, வளைகிறது, நழுவுகிறது, மறுபடி மாட்டுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடந்தால் காதுக்குக் "கீச்". வயலின் வில் தந்தியில் பிடித்து நழுவுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான், ரசிக்கத்தான் முடியாது!

அதனால் எல்லாக் கீச்சும் ஆபத்தில்லை. ஆனால் பல பேடுகளில் சின்னதாக ஒரு எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆனதும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். லான்செஸ்டர் எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ, அதையே பின்னால் வந்த இன்ஜினியர்கள் எச்சரிக்கை மணியாக்கிவிட்டார்கள்.

அந்தக் கீச்சைக் கேட்காதவருக்கு அடுத்து வருவது "கர்ர்ர்". லைனிங் தீர்ந்து, பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கை அரைக்கிறது. டிரம்மாக இருந்தால் ரிவெட் தலைகள் பள்ளம் பறிக்கும். பேடோடு போக வேண்டிய செலவு டிஸ்க்கோடு போகும்; நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. அப்படியே ஓட்டாதீர்கள். ஆனால் மழை நின்ற மறுநாள் காலை நாலு பிரேக்கில் மறையும் உரசல் வெறும் துரு. பிரேக் பிடிக்காதபோதும் வரும் உரசல், டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே சிக்கிய கல்லாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கலாம்.

சத்தமில்லாமலும் பிரேக் பேசும். பெடல் அதிர்ந்தால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கும், அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் ஏர். மிதித்தபடியே வைத்தால் மெல்ல இறங்குகிறதா? கசிவு, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர். மலையிறக்கத்தில் திடீரென்று பெடல் காலியானால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக்கூடாது. ஈரம் குடித்த பிறகு அதற்குள்ள வரம்பே 140 தான். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இனி மனசை உறுத்தும் பக்கம். 1924-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா நுரையீரல் நோயால் 33 வயதில் இறந்தார். அந்த வருஷமே மருத்துவ இதழில் செய்தி வந்தது. 1931-ல் ஆலைகளுக்கு விதிகளும் வந்தன. ஆனாலும் பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுதாகத் தடை செய்தது 1999-ல்தான். ஐரோப்பிய யூனியன் முழுவதற்கும் 2005. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டு, உலகமெங்கும் டிரம்மைக் கழற்றி "ஃபூ" என்று ஊதிச் சுத்தம் செய்த மெக்கானிக்குகளை நினைத்துப் பாருங்கள். வண்டி நிற்பதற்கு யாருடைய மூச்சு செலவானது என்று நம் பரீட்சையில் யாரும் கேட்டதில்லை.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில்தான் வேர் விட்டது.

வரலாறு இன்னும் முடியவில்லை. 2024-ல் ஐரோப்பா ஏற்ற யூரோ 7 விதிகள் பிரேக் தூசுக்கும் வரம்பு போட்டுவிட்டன. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. உபயோகமில்லாமலே துருப்பிடித்து உரசுகிறது! ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றி ஓட்டுகிறவருக்கோ எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

ஆகவே தம்பி, தங்கைகளே, இரண்டு வேண்டுகோள். மாசத்துக்கு ஒரு நாளாவது கண்ணாடியை இறக்கி, ஒரு சுவரோரமாக மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துக் கேளுங்கள். ஒர்க்ஷாப்பில் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஊதுகிறவரையும் தடுங்கள்; ஈரத் துணி போதும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது.