‘வேணும்’ என்னும் சொல்லும் சவேரியாரின் திருத்தமும்

அயல்மொழி கற்பவர் முதலில் நாடுவது, தம் விருப்பத்தை முறையாகச் சொல்லும் வழியை. அல்வாலிலிருந்து தார்நாகாவிலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திற்கு ஸ்பானியம் பயிலச் செல்லும் தமிழ் மாணவர், ‘கியேரோ’ என்றால் ‘எனக்கு வேண்டும்’ எனத் தொடக்கத்திலேயே கற்கிறார். அந்நியரிடம் அது சற்றே அதிகாரமாக ஒலிக்கும். ‘கிசியேரா’ என்பதே பணிவு. இதன் மறுதலையான இடர்ப்பாடு தமிழக வரலாற்றில் பதிவாகியுள்ளது.

நவாரில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ளோர் மொழி தமிழ். அவருடைய தாய்மொழி பாஸ்க். இருமொழி அறிந்தோரைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனனம் செய்து, ஊர்தோறும் ஓதுவித்தார். பின்னர், 1544ஆம் ஆண்டளவில், உடன்பணியாளர் மான்சில்யாசுக்கு எழுதிய கடிதமொன்றில் இரு திருத்தங்களை அனுப்பினார்.

முதலாவது: விசுவாச அறிக்கையில் ‘வேணும்’ என்பதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக, முன்னது விருப்பத்தையே குறிக்கும். இரண்டாவது: கிறிஸ்து பாடுபட்டதைக் கூறுமிடத்தில் ‘வன்பினாலே’ என வேண்டா, அவர் ஏற்றது வலிந்த துன்பமன்று, விரும்பி ஏற்றது.

இரண்டுமே விருப்பம் பற்றியவை என்பது கருதத்தக்கது. ஐபீரிய மொழிகளில் ‘நம்புகிறேன்’ என்பதும் (கிரெயோ) ‘விரும்புகிறேன்’ என்பதும் (கியேரோ) ஒலியால் நெருங்கியவை. முதற்பிழைக்கு அந்த மயக்கம் காரணமாகலாம் என்பது என் ஊகம். இலக்கண வேறுபாடும் உண்டு. ‘கியேரோ’வில் விரும்புபவரே எழுவாய், தமிழிலோ ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். மேலும், தமிழில் ஒரே வினை தேவையையும் விழைவையும் இறைஞ்சலையும் சுமக்கிறது: ‘வேண்டுதல்’ என்பது வழிபாடும் ஆகும், ‘அருள வேண்டும்’ என்பது கட்டளையன்று, பணிவு.

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலிலிருந்தே கிறித்தவத் தமிழின் கதையைத் தொடங்குவது வழக்கம். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, இத்துறையின் ஊர்களில் ஓதப்பட்ட தமிழ் சொல் சொல்லாகத் திருத்தம் பெற்றுக்கொண்டிருந்தது. ‘வேணும்’ பொருந்தாது என்பதைத் தமிழ் பேசுவோர் செவியே முதலில் உணர்ந்திருக்கக் கூடும். ஆகவே அக்கடிதத்தைச் சமயப்பணியின் சான்றாக மட்டுமன்றி, பரதவர் ஓர் ஐரோப்பியருக்குக் கற்பித்த தமிழ்ப் பாடத்தின் சுவடாகவும் வாசிக்க வேண்டும்.